பழைய இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும்: ஆன்லைனில் வாங்கும்போது என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

‘குட் கண்டிஷன், சூப்பரா பாடும்’ என்று விற்பவர் எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் குழு, வாட்ஸ்அப், ஓஎல்எக்ஸ் என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் கவரின் முன்பக்கப் படம் ஒன்றுதான் இருக்கும். பாடப்போவது கவர் இல்லை. விலை பேசுவதற்கு முன் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“அண்ணே, தட்டை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்ச்சுப் பிடிச்சு, ரெண்டு பக்கமும் மெதுவா ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க. ரெண்டு லேபிளும் படிக்கிற மாதிரி போட்டோ வேணும். லேபிளைச் சுத்தி வழுவழுன்னு இருக்கிற இடத்துல பொறிச்சிருக்கிற நம்பர் தெரியணும். கவரோட முதுகு, நாலு மூலை ஒரு போட்டோ.”

இதற்கு முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். நல்ல வியாபாரி இதை எதிர்பார்த்தே இருப்பார்.

லேபிள் படம் எதற்கென்றால், கவருக்குள் வேறு தட்டு இருப்பதுதான் நம் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு. கல்யாணம், கோயில் திருவிழா என்று மைக் செட்டில் ஓடிய தட்டுகள் அவசரத்தில் கவர் மாறிப் போயிருக்கும். லேபிளில் ‘சவுண்ட் சர்வீஸ்’ ரப்பர் ஸ்டாம்போ, பெயின்டில் எழுதிய வரிசை எண்ணோ இருந்தால் அந்தத் தட்டு எப்படி வாழ்ந்தது என்று புரிந்துகொள்ளலாம். கனமான ஊசி, தேய்ந்த ஊசி, நாள் முழுக்க ஒரே பாட்டு. கீறலே இல்லாமல் இருக்கும், ஆனால் ஊசி ஓடும் பள்ளங்கள் கருப்பாக மின்னாமல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அது தேய்மானம். எத்தனை முறை கழுவினாலும் குரலின் உச்சத்தில் வரும் கரகரப்பு போகாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திக்கால் போல மெல்லிய கோடுகள் இருந்தாலும் தட்டைப் பலமுறை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாய்ந்த வெளிச்சம் கேட்பதற்கும் காரணம் உண்டு. நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் மயிரிழைக் கீறல் மறைந்துவிடும். வீடியோவில் கீறல் தெரிந்தால் நகத்தால் வருடச் சொல்லுங்கள். நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் ஒலியில் வராது. நகம் தடுக்கினால் ‘டிக்’ நிச்சயம். பாட வைத்து அனுப்பச் சொன்னால் கடிகாரத்தோடு கேளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி, 45-ல் 1.33 விநாடி, 78-ல் 0.77 விநாடி. அந்த இடைவெளியில் சீராக ‘டிக்’ வந்தால் குறுக்கே ஒரு கீறல் ஓடுகிறது. நாலைந்து ‘டிக்’கோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால் ஊசி மாட்டிக்கொள்கிறது, விட்டுவிடுங்கள். பாடும்போது பக்கவாட்டிலிருந்தும் படம் பிடிக்கச் சொன்னால் வளைவு தெரியும். ஊசிக்கை லேசாக ஏறி இறங்கினால் பரவாயில்லை, துள்ளினால் வேண்டாம். வெள்ளைத் திட்டாகத் தெரியும் பூஞ்சைக்கு மட்டும் பயப்படத் தேவையில்லை, அது பெரும்பாலும் கழுவினால் போகும். அதைக் காட்டி விலை குறைக்கக்கூடச் செய்யலாம்.

தர எழுத்துகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இசைத்தட்டு விவரமும் விற்பனையும் உள்ள டிஸ்காக்ஸ் இணையதளம் பயன்படுத்தும் கோல்ட்மைன் என்ற தர அளவுகோலில் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), ஜி பிளஸ், ஜி என்று இறங்கும். ‘ஜி’ என்பது ‘குட்’தான், ஆனால் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது: ஊசி தாண்டாமல் பாடும், இரைச்சல் நிறைய இருக்கும். தட்டுக்கு ஒரு தரம், கவருக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே தரம் சொல்பவர் பெரும்பாலும் கவரைத்தான் சொல்கிறார்.

விலைக்கு டிஸ்காக்ஸில் படப் பெயரைத் தேடுவதைவிட லேபிளில் உள்ள எண்ணைத் தேடுங்கள். ஒரே படத்துக்கு ஈ.பி. என்ற சிறிய தட்டு, எல்.பி. என்ற பெரிய தட்டு, பின்னால் வந்த மறுபதிப்பு என்று பல இருக்கும். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம் என்று வந்த எல்.பி.களும் உண்டு. கடைசியாக விற்ற தேதி, குறைந்த விலை, நடு விலை, அதிக விலை எல்லாம் அங்கே இருக்கும். தமிழ்த் தட்டுகள் அங்கே அதிகம் கைமாறுவதில்லை என்பதால் ஒரே ஒரு விற்பனையை வைத்து ‘உலக மார்க்கெட் ரேட்’ என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எண்பதுகளின் எக்கோ லேபிள் இளையராஜா எல்.பி.களுக்குப் போட்டி அதிகம். அதனால் கவரைக் கலர் பிரிண்ட் போட்டு ஒட்டித் தருவதும் நடக்கும். எழுத்தின் ஓரம் கலங்கியிருக்கிறதா, மடிப்பில் வெள்ளைக் காகிதம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

78 சுழற்சி அரக்குத் தட்டு தனிக் கணக்கு. அது கண்ணாடி மாதிரி உடையும். ஓரத்தைப் பிடித்து விரலால் மெல்லத் தட்டி ஒலியை அனுப்பச் சொல்லுங்கள். கணீரென்றால் முழுசு, மொத்தென்றால் விரிசல். அதைக் கேட்க எல்.பி. ஊசி ஆகாது, 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அகல ஊசி தனியாக வேண்டும். சாவி கொடுக்கும் கிராமபோனின் இரும்பு ஊசியில் எல்.பி.யை வைத்தால் ஒரே தடவையில் கதை முடிந்தது.

கேசட்டில் உள்ளே பஞ்சுத் திண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து கொடுத்த கேசட்டை ‘ஒரிஜினல்’ என்று விற்பதும் உண்டு. அச்சிட்ட உள்ளட்டை இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

இனி அச்சுப் பொருட்கள். பாட்டுப் புத்தகம், தீபாவளி மலர், பழைய காமிக்ஸ், தொடர்கதை பைண்டிங் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலத்து அச்சா, பின்னால் அடித்ததா? காகிதத்தைத் தொடாமலே போட்டோவில் இதற்கு முக்கால் பங்கு பதில் கிடைக்கும்.

முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தியது, அல்லது அந்த மாற்றத்தை ஒட்டியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசாவானது. அடுத்து அச்சக முகவரி. ‘சென்னை-1’ என்று இருந்தால் பழையதாக இருக்கலாம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அச்சாகியிருக்க வாய்ப்பே இல்லை.

மூன்றாவது, எழுத்து. லை, னை, ணை, ளை நான்குக்கும் முன்னாளில் மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு கோடு வளைந்திருக்கும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் சுழித்த ஒற்றை எழுத்தாக இருக்கும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்ற பிறகுதான் இப்போதைய வடிவம் பரவியது. ஆகவே 1962 படத்தின் பாட்டுப் புத்தகத்தில் ‘பாடலை’ இன்றைய ‘லை’யோடு நின்றால் அது மறு அச்சு. ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. 1978-க்குப் பிறகும் பல அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளையே வைத்து ஓட்டின, படியெடுத்த போலியிலும் எழுத்து பழையதாகவே இருக்கும். பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தவை, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படியெடுத்ததைப் பிடிக்க மூன்று வழி. ஈய அச்சில் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும். பக்கத்தின் பின்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மேடு தெரியும், ஜெராக்ஸில் வராது. இரண்டாவது, புற ஊதா டார்ச். இன்றைய வெள்ளைக் காகிதம் நீலமாகப் பளிச்சிடும், அந்தக் கால மலிவுத் தாள் மங்கலாகவே கிடக்கும். மூன்றாவது, ஸ்டேப்ளர் பின் அடித்த இடம். பழைய பின் துருப்பிடித்துத் தாளில் காவிக் கறை விட்டிருக்கும். பளபளக்கும் பின், கறையே இல்லாத தாள் என்றால் சந்தேகப்படுங்கள்.

காமிக்ஸில் மறுபதிப்பு என்பது மோசடி அல்ல, விலைதான் வேறு. முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’ 1972-ல் வந்தது, பிறகு மறுபதிப்பும் கண்டது. அட்டையை மட்டும் பார்க்காமல் உள்பக்கத்தில் மாதமும் விலையும் இருக்கும் இடத்தைக் கேளுங்கள். தீபாவளி மலரில் வண்ணப்பட ஏடுகளைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், எனவே பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். தொடர்கதை பைண்டிங்கில் இரண்டு வியாதி: நடுவே ஒன்றிரண்டு வாரம் இருக்காது, அல்லது பைண்டர் ஓரம் வெட்டும்போது ஓவியர்கள் கோபுலு, மணியம் வரைந்த படங்களின் விளிம்பும் சேர்ந்து போயிருக்கும். அத்தியாய எண்களை வரிசையாக வீடியோவில் புரட்டச் சொன்னால் இரண்டுமே தெரிந்துவிடும்.

பணம். முன்பின் தெரியாதவர் என்றால், இன்றைய தேதியை எழுதிய சீட்டைப் பொருளின் மேல் வைத்து ஒரு படம் கேளுங்கள். அடுத்தவர் படத்தைத் திருடி விற்பவர்கள் இங்கேயே கழன்றுகொள்வார்கள். முதல் தடவை சிறிய தொகைக்கு மட்டும் வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன், கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றால் அது திருட்டு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் ஜிஎஸ்டியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே வாங்குபவர்களுக்கு ஒன்று: வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 ஆண்டு கடந்திருந்தால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.

பேக்கிங்கை நீங்களே சொல்லிக்கொடுங்கள். தட்டைக் கவரை விட்டு எடுத்து, உள்ளுறையோடு கவருக்குப் பின்னால் வைக்க வேண்டும். கவருக்குள்ளேயே அனுப்பினால் குலுங்கி ஓரத்தைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, ஓர் அட்டையின் வரி நெடுக்காக, அடுத்தது குறுக்காக. அதன்மேல் பாலித்தீன், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு சுற்று. 78 என்றால் பெட்டிக்குள் பெட்டி, நடுவில் சுற்றிலும் இரண்டு அங்குலம் பஞ்சோ கசக்கிய பேப்பரோ. போஸ்டரைப் பிவிசி குழாயில் சுருட்டலாம், ஆனால் மொறுமொறுத்துப்போன பழைய பேப்பரைச் சுருட்டினால் உதிரும், அதைத் தட்டையாகத்தான் அனுப்ப வேண்டும். பேக் செய்த எல்.பி. ஒன்று அரைக் கிலோவைத் தாண்டும், ஆகையால் ஒரே ஆளிடம் மூன்று நான்கு சேர்த்து வாங்கினால் கூரியர் செலவு தட்டுக்கு வெகுவாகக் குறையும்.

பார்சலைப் பிரிப்பதை முகவரி தெரிய ஆரம்பித்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் கையில் இருக்கும் சாட்சி அதுதான். சித்திரை வெயிலில் வந்த பெட்டியை உடனே பிரிக்காமல் சூடு ஆறும்வரை படுக்கையாக வையுங்கள். எல்.பி., ஈ.பி. போன்ற வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரில் அலசி நிறுத்திக் காயவையுங்கள். லேபிள் நனையக் கூடாது. பூஞ்சை பிடிவாதமாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம், வினைலுக்கு மட்டும். அரக்குத் தட்டில் அது பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும்.