செகண்ட் லைஃப்: நடுவயதில் முதன்முறையாக நுழைபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தை லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்தது. அதை விளையாட்டு என்று எண்ணி உள்ளே போகும் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் அலுத்துப்போய் வெளியே வந்துவிடுகிறார்கள். ஏனென்றால் அங்கே மதிப்பெண் இல்லை, எதிரி இல்லை, ஜெயிப்பதற்கு எதுவுமே இல்லை. அலுவலகமும் வீட்டுக்கடனும் பார்த்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அது பிடித்துப்போவதற்கும் அதே காரணம்தான். ஊர் சுற்றலாம், பாட்டுக் கேட்கலாம், முன்பின் தெரியாதவர்களோடு பேசலாம், ஒரு வீட்டைச் சுவர் சுவராகக் கட்டலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் கடினமானது. அதைக் கடப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணினியும் கணக்கும்

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் இது ஓடும். 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. பயனர் பெயரை மட்டும் யோசித்து வையுங்கள், ஏனென்றால் பிறகு அதை மாற்றுவதற்குப் பணம் கேட்பார்கள். உள்ளே உங்களுக்காக நடமாடும் உருவத்தின் தலைக்கு மேலே தெரியும் காட்சிப் பெயரை இலவசமாகவே மாற்றிக்கொள்ளலாம். சொந்தப் பெயரை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டடுக்குப் பாதுகாப்பை அன்றைக்கே இயக்கிவிடுங்கள்.

வியூவர்

உள்ளே நுழைவதற்கான மென்பொருளுக்கு வியூவர் என்று பெயர். நிறுவனமே தருவது ஒன்று, வெளியார் செய்து தருபவை சில. நான் பயன்படுத்துவது ஃபயர்ஸ்டார்ம். அதன் பட்டியல்கள் முதலில் மிரட்டினாலும், எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேட ஒரு தேடல் கட்டம் உள்ளது. அதற்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன்.

நிறுவியவுடன் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் மூன்றை மட்டும் தொடுங்கள். பார்வைத் தொலைவை, அதாவது எவ்வளவு தூரம் வரை காட்சி தெரியும் என்பதை, 64 மீட்டராகக் குறையுங்கள். கடலிலோ திறந்த வெளியிலோ இருக்கும்போது வேண்டுமானால் 256 வரை கூட்டிக்கொள்ளலாம். நிழல்களை அணையுங்கள். ஒரு நொடிக்கான சட்டகங்களின் (ஃப்ரேம்களின்) எண்ணிக்கைக்கு 30 என்று வரம்பு வையுங்கள். இந்த மூன்றாவதை வெளிநாட்டுக் கையேடுகள் பெரிதாகச் சொல்வதில்லை. அவர்களுக்குப் புதுச்சேரியின் அக்னி நட்சத்திரம் தெரியாது. வரம்பு இல்லாவிட்டால் மே மாதத்தில் லேப்டாப்பின் விசிறி போடும் சத்தத்தில் பாட்டே கேட்காது.

நடப்பது, பறப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அம்புக்குறி விசைகளால் நடக்கலாம், பேஜ் அப் விசையால் மேலெழலாம். ஆல்ட் விசையோடு மவுஸின் இடது பொத்தானையும் அழுத்திக்கொண்டு நகர்த்திக் கேமராவைச் சுழற்றுவதை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். இந்த உலகத்தைப் பார்ப்பதில் பாதி அதுதான்.

பெட்டியைத் திறப்பது

பெரும்பாலோர் கணக்கை மூடிவிட்டுப் போகும் இடம் இது. மார்க்கெட்பிளேஸ் என்ற கடையில் விலை பூஜ்ஜியம் போட்ட ஒரு சட்டையை வாங்குகிறீர்கள். அது உங்கள் பொருள்களெல்லாம் இருக்கும் இன்வென்டரி என்ற பைக்குள் புதிதாகப் பெறப்பட்டவை என்ற பகுதியில் வந்து விழுகிறது. ‘அணிந்துகொள்’ என்று சொடுக்கினால் சட்டைக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி உங்கள் வலது கையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் வாங்கியது சட்டை அல்ல, சட்டை வைத்த பெட்டி.

சில பெட்டிகளைக் கையில் இருக்கும்போதே தொட்டால் திறந்துகொள்ளும். முதலில் அதை முயன்று பாருங்கள். திறக்கவில்லையென்றால் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தரையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிறர் நிலத்தில் பெரும்பாலும் எதையும் கீழே வைக்க அனுமதி கிடையாது. மேலே உள்ள முகவரிப் பட்டையில் கனசதுரத்தின் மீது தடைக்குறி தெரிந்தால் அங்கே வைக்க முடியாது என்று பொருள். ஆகவே கன்ட்ரோலையும் எம் விசையையும் அழுத்தி உலக வரைபடத்தைத் திறந்து, சாண்ட்பாக்ஸ் என்று தேடி, அங்கே டெலிபோர்ட் ஆகுங்கள், அதாவது நடக்காமலே நேராகத் தாவிச் செல்லுங்கள். யார் வேண்டுமானாலும் பொருள்களைப் பரப்பி வைத்து வேலை பார்ப்பதற்கான பொது மைதானங்கள் அவை.

அங்கே இன்வென்டரியிலிருந்து பெட்டியை இழுத்துத் தரையில் விடுங்கள். அதன் மேல் வலது சொடுக்கு, பிறகு ‘திற’. உள்ளே இருப்பவை பட்டியலாகத் தெரியும். இன்வென்டரிக்கு நகலெடுக்கும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். பக்கத்தில் நகலெடுத்து அணியச் சொல்லும் பொத்தான் ஒன்றும் ஆசை காட்டும். அதை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் பத்து அளவுச் சட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உங்கள் மேல் ஏறிவிடும். வேலை முடிந்ததும் பெட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோனாலும் பயமில்லை: சாண்ட்பாக்ஸ் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பொருள்களை உரியவருக்கே திருப்பி அனுப்பிவிடும், இன்வென்டரியில் தொலைந்து கிடைத்தவை என்ற கோப்புறையில் தேடுங்கள்.

பணம்

உள்ளே புழங்கும் நாணயம் லிண்டன் டாலர். முதல் மாதம் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அட்டை விவரம் தர வேண்டிய தேவையும் இல்லை. ஏதாவது ஒரு பொருளைத் தொட்டதும் உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி கேட்டு எச்சரிக்கை வந்தால், அது என்ன பொருளாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எங்கே போவது, எப்போது போவது

இந்த உலகம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் கொண்ட சதுரங்களாக, அதாவது ரீஜன்களாக, வகுக்கப்பட்டிருக்கிறது. நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஐந்தாறு ரீஜன்கள் பிடிக்கும். பாய்மரப் படகு ஓட்ட விரும்புகிறவர்கள் பிளேக் சீ என்ற கடல் பகுதிக்குப் போகலாம். ஒரு ரீஜனிலிருந்து அடுத்ததற்குள் படகு நுழையும்போது சட்டென்று ஒரு குலுக்கல் இருக்கும். உங்கள் படகை ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் ஒப்படைக்கும் நேரம் அது. அந்த நொடியில் சுக்கானைத் திருப்பாமல் கையை எடுத்துவிடுங்கள்.

உள்ளே கடிகாரம் கலிஃபோர்னியா நேரத்தைக் காட்டும். கோடையில் அது நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அமெரிக்கர்களின் இரவு ஏழு மணிக் கச்சேரி கோடையில் நமக்குக் காலை ஏழரைக்கு, இட்லி சாப்பிடும் நேரத்தில் நடக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது பிரெஞ்சுக்காரர்கள் கூடும் இடங்கள். பள்ளியில் படித்த பிரெஞ்சு துருப்பிடித்துக் கிடக்கும் புதுச்சேரிக்காரர்கள் இங்கே எத்தனை பேர்! கோடையில் பாரிஸில் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. தட்டச்சு செய்து பேசும் இடம் என்பதால் உச்சரிப்புக் கூச்சம் இல்லை. வினைச்சொல்லின் முடிவை நிதானமாக யோசித்து எழுதலாம்.

கட்டிப் பார்ப்பது

உண்மையான இன்பம் இதில்தான் என்பேன். அதே சாண்ட்பாக்ஸில் கன்ட்ரோலையும் பி விசையையும் அழுத்தி, தரையில் சொடுக்கினால் அரை மீட்டர்க் கனசதுரம் ஒன்று தோன்றும். அதை இழுத்து, நீட்டி, துளையிட்டுத்தான் எல்லாம். நான் புதுச்சேரியின் தமிழர் பகுதி வீடுகளைப்போல ஒரு திண்ணையும் தாழ்வாரமும் கட்டினேன்: உருளைகள் தூண்களாயின, தட்டையான கனசதுரங்கள் திண்ணையாயின. நிஜ வீட்டை டேப் வைத்து அளந்து கட்டினால் அங்கே இடிக்கும், ஏனென்றால் கேமரா உங்கள் தலைக்குப் பின்னால் சற்று உயரத்தில் மிதக்கிறது. அது சுவருக்குள் புகுந்துகொள்ளும். கூரையை ஒன்றரை மடங்கு உயர்த்துங்கள், வாசலையும் அகலமாக்குங்கள்.

சுவருக்குப் படம் ஒட்ட, 1024 பிக்சல் அளவுக்குள் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் 10 லிண்டன் டாலர் பதிவேற்றக் கட்டணம். ஆனால் படத்தைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் உள்ள உள்ளூர்ப் படங்கள் என்ற வசதியில், கணினியிலுள்ள படத்தை இலவசமாக ஒட்டிப் பார்க்கலாம். அது உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். மஞ்சள் சுண்ணாம்புச் சுவரின் நிறம் சரியாக வரும்வரை அப்படியே பாருங்கள். கிளம்பும் முன் கட்டியதையெல்லாம் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைத்து, ஒரு நகலை இன்வென்டரியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: சட்டை போட்டும் தோல் துருத்திக்கொண்டு தெரிகிறது என்று கடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உருவத்துக்கு மாட்டிக்கொள்ளும் உடல்களில் பல வகை உண்டு, சட்டைகள் குறிப்பிட்ட உடலுக்கென்றே தைக்கப்படுகின்றன. மைத்ரேயா, லெகசி என்று உடல்களுக்குப் பெயர் உண்டு. உங்கள் உடலின் பெயர் எழுதிய கோப்புறையிலிருந்து மட்டும் அணியுங்கள். நிறுவனம் 2023-இல் வெளியிட்ட சென்ரா உடலை நீங்கள் எடுத்திருந்தால், கடையில் அந்தப் பெயரைச் சேர்த்தே தேடுங்கள்.

இன்னொன்று: உருவம் முழுதாக வந்து சேரும்வரை நீங்கள் ஒரு மேகமாகத் தெரிவீர்கள். வெகு நேரமாகியும் மேகமாகவே நிற்பவர்கள், கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அப்போதும் உருவம் வராவிட்டால், இன்வென்டரியின் நூலகப் பகுதியிலிருந்து ஆயத்த உருவம் ஒன்றை முழுதாக அணிந்துகொண்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.