945: மிகச் சிறிய ஒற்றைப்படை மிகையெண்ணைப் படிப்படியாகச் சரிபார்த்தல்

ஓர் எண்ணின் காரணிகளுள் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும்போது, கூடுதல் அந்த எண்ணைவிட மிகுந்திருந்தால் அதை மிகையெண் என்றும், குறைந்திருந்தால் குறைவெண் என்றும், சமமாக இருந்தால் செவ்விய எண் என்றும் அழைக்கிறோம். 12-இன் காரணிகளைக் கூட்டினால் 1 + 2 + 3 + 4 + 6 = 16 என்று வருவதால் 12 ஒரு மிகையெண். 12, 18, 20, 24, 30 எனச் செல்லும் மிகையெண்களின் வரிசையில் 945 வரும்வரை ஒற்றைப்படை எண் ஒன்றுகூடக் கிடையாது. பெருக்கலும் பின்னமும் தெரிந்தவர் எவரும் இதைத் தாமே நிறுவிவிடலாம்.

படி 1: பகாக் காரணிகளாகப் பிரித்தல். 945-ஐ 5-ஆல் வகுத்தால் 189. அதை 9-ஆல் வகுத்தால் 21. ஆகவே 945 = 3 × 3 × 3 × 5 × 7.

படி 2: காரணிகளின் கூடுதலைக் காணல். 945-க்கு 16 காரணிகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டத் தேவையில்லை.

(1 + 3 + 9 + 27) × (1 + 5) × (1 + 7) = 40 × 6 × 8 = 1920

அடைப்புகளை விரித்துப் பெருக்கும்போது ஒவ்வொரு காரணியும் சரியாக ஒருமுறை தோன்றுகிறது. 9, 5, 1 ஆகியவற்றை எடுத்தால் 45 கிடைப்பதைப் போல. 1920-இலிருந்து 945-ஐக் கழித்தால் 975. அதாவது 30 மிகுதி. இனி, எல்லாக் காரணிகளின் கூடுதல் எண்ணின் இருமடங்கைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

படி 3: இதைவிடச் சிறியது இல்லை என நிறுவுதல். சுவையான பகுதி இதுதான். கூடுதலை எண்ணால் வகுத்தால் வரும் ஈவு 2-ஐத் தாண்ட வேண்டும். படி 2-இன் ஒவ்வோர் அடைப்பையும் அதன் கடைசி உறுப்பால் வகுத்தால் (எ.கா. 40/27) அந்தப் பகா எண்ணின் பங்கு கிடைக்கும்; இப்பங்குகளின் பெருக்கலே ஈவு. அந்த ஈவில் 3-இன் பங்கு 1 + 1/3 + 1/9 + … என்று வளர்ந்தாலும், எத்தனை அடுக்கு சேர்த்தாலும் 3/2-ஐ எட்டுவதில்லை. அதேபோல 5-இன் பங்கு 5/4-க்கும், 7-இன் பங்கு 7/6-க்கும், 11-இன் பங்கு 11/10-க்கும் கீழேயே நிற்கும். இரண்டே ஒற்றைப்படைப் பகா எண்கள் இருந்தால் உச்சவரம்பு 3/2 × 5/4 = 15/8; போதாது. நான்கு இருந்தால் மிகச் சிறிய எண்ணே 3 × 5 × 7 × 11 = 1155 ஆகி 945-ஐத் தாண்டிவிடும். எனவே மூன்று பகா எண்கள்தான் இருக்க முடியும்.

அவற்றுள் 3 இல்லாவிட்டால் வரம்பு 5/4 × 7/6 × 11/10, ஏறத்தாழ 1.6. 3 இருந்தும் 5 இல்லாவிட்டால் 3/2 × 7/6 × 11/10 = 1.925. 3, 5 இரண்டும் இருந்து, மூன்றாவது பகா எண் 17 ஆக இருந்தால் வரம்பு 255/128, இதுவும் 2-க்குச் சற்றே குறைவு; 17-ஐவிடப் பெரியதானால் இன்னும் குறையும். ஆக, 3, 5 ஆகியவற்றோடு 7, 11, 13 ஆகியவற்றுள் ஒன்று சேர வேண்டும். 945-க்குக் கீழ் அத்தகைய எண்கள் ஒன்பதே: 105, 315, 525, 735, 165, 495, 825, 195, 585.

படி 2-இன் முறையில் இவற்றைச் சோதித்தால் ஒன்றுகூட இருமடங்கைத் தாண்டாது. மிக நெருங்குவது 315: 13 × 6 × 8 = 624, தேவையான 630-க்கு 6 குறைவு. அதை இன்னொரு 3-ஆல் பெருக்கினால் 3-இன் பங்கு 39/27-இலிருந்து 40/27 ஆக உயர்கிறது. அந்தச் சிறு உயர்வே 945-ஐ எல்லை தாண்ட வைக்கிறது. (சரியாக எல்லையிலேயே நிற்கும் ஒற்றைப்படைச் செவ்விய எண் உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி.)

945-ஐ k என்னும் ஒற்றைப்படை எண்ணால் பெருக்கினால், 945 நீங்கலான அதன் காரணிகளின் k மடங்குகள் யாவும் புதிய எண்ணின் காரணிகளாகின்றன. அவற்றின் கூடுதலான 975k, 945k-ஐவிடப் பெரியது. ஆகவே 2835, 4725, 6615 என ஒற்றைப்படை மிகையெண்கள் முடிவின்றித் தொடர்கின்றன.