எந்த ராணி நிஜ ராணி? கொரிய அரச நாடகங்களில் பட்டங்களைப் பிரித்தறியும் முறை

வீட்டில் ஒருவர் சப்டைட்டிலை வாசித்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பார்ப்பதுதான் நம் லயத்து வழக்கம். வாசிப்பவர் ‘இளவரசர்’ என்பார். அடுத்த காட்சியில் வேறொருவர் வருவார், அவரும் இளவரசர். ராணி என்று மூன்று பெண்கள். நாலாவது எபிசோடில் அப்பாயி கேட்டுவிடுவார்: “இதுல எந்த ராணிடா நெசமான ராணி?”

வாசிப்பவர் மேல் குற்றமில்லை. கொரிய மொழியில் தனித்தனியாக இருக்கும் பட்டங்களை ஆங்கில சப்டைட்டில் பிரின்ஸ், குயீன் என்று இரண்டே சொல்லில் அடைத்துவிடுகிறது. கொஞ்சம் உயர்ந்தவர் என்றால் முன்னால் ஒரு ‘கிராண்ட்’ சேர்க்கும், அவ்வளவுதான். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு, ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலத்தைப் பிடிக்க வேண்டும். சிம்மாசனத்தில் இருப்பவரை எப்படி விளிக்கிறார்கள் என்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடலாம். ‘ஜொன்ஹா’ என்றால் அவர் அரசர். பெரும்பாலும் கதை 1392 முதல் 1897 வரையான ஜோசொன் காலம். ‘பியேஹா’ என்றால் பேரரசர். 1897 அக்டோபர் 12இல் கோஜோங் பேரரசராக முடிசூடிய பிறகு நடக்கும் கதையில் இந்தச் சொல்தான் வர வேண்டும். கோரியோ காலக் கதை (918–1392) என்றால் இரண்டுமே வரலாம். முற்பகுதியில் அந்த அரசவை தன் வீட்டுக்குள் பேரரசுச் சொற்களையே புழங்கியது. 1270களில் மங்கோலிய யுவான் அரசின் பிடி இறுகியதும் எல்லாம் ஒரு படி இறக்கப்பட்டன: பியேஹா ஜொன்ஹாவானது, பட்டத்து இளவரசரான ‘தேஜா’ ‘சேஜா’வானார். அதற்கும் பழைய சில்லா நாட்டில் 503 வரை ‘வாங்’ (அரசர்) என்ற சீனப் பட்டமே இல்லை. ஒரு காலத்தில் ‘இசாகும்’ என்றார்கள். யாருக்குப் பல் அதிகமோ அவரே மூத்தவர் என்று பலகாரத்தைக் கடித்துப் பல் தடம் எண்ணி அரசரைத் தேர்ந்ததாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது.

அடுத்தது, அதிகம் பேர் சறுக்கும் இடம். அரசர் ‘ஜொன்ஹா’, பட்டத்து இளவரசர் ‘ஜொஹா’. நடுவில் ஒரு ‘ன்’ மட்டுமே வித்தியாசம். கொரிய எழுத்தில் பார்த்தால் அந்த ‘ன்’ நம் ‘ட’ போலவே இருக்கும். முதல் எழுத்தின் அடியில் அந்த ‘ட’ உட்கார்ந்திருந்தால் அரசர், இல்லாவிட்டால் மகன். வேகமாகப் பேசும்போது ஹகரம் தேய்ந்து ‘ஜொனா’ என்றே காதில் விழும், அதுவும் அரசர்தான். இதைக் கவனிக்காமல் விட்டால் சதிக் காட்சி குழம்பிப்போகும்: யாருக்கு விஷம் வைக்கப் பேசுகிறார்கள் என்பதே அந்த ‘ன்’னில் இருக்கும்.

‘மாமா’ என்ற விளியைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஆகும். அது அரச குடும்பத்தாருக்குச் சேர்க்கும் மரியாதைச் சொல். ராணி ‘ஜுங்ஜொன் மாமா’. அரசரை அவர் பிள்ளைகள் அழைப்பது ‘அபா மாமா’. ஜுங்ஜொன் என்றால் நடு மாளிகை என்று பொருள். ஆளைச் சொல்லாமல் கட்டடத்தைச் சொல்வது அரண்மனை மரியாதை; பட்டத்து இளவரசரும் அப்படியே ‘தொங்குங்’, அதாவது கிழக்கு மாளிகை. “பங்களாவுல கேக்கணும்” என்று தோட்டத்தில் சொன்னால் துரையைக் கேட்பதாகத்தானே அர்த்தம், அதே கணக்கு.

இனி அந்த ‘கிராண்ட்’. கொரிய மொழியில் அது ‘தே’. பெரிய துரை, பெரிய கங்காணி இரண்டிலும் ‘பெரிய’ இருந்தாலும் இரண்டும் வேறு ஏணி. ‘தே’யும் அப்படி. பின்னால் வரும் சொல்லைக் கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

‘தேகுன்’ என்றால் பட்டத்து ராணி வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளை. வெறும் ‘குன்’ என்றால் இளைய ராணியின் மகன். பெண்பிள்ளைகளில் பட்டத்து ராணி மகள் ‘கொங்ஜு’, இளைய ராணி மகள் ‘ஒங்ஜு’. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பால்குடி மறக்காத தேகுனும் உண்டு, தாடி வைத்த குன்னும் உண்டு.

‘தேவொன்குன்’ முற்றிலும் வேறு. தான் அரசராக இருக்காமல் அரசரைப் பெற்ற தகப்பன். ஜோசொன் வரலாற்றில் மகன் ஆளும்போது உயிரோடு இருந்து அந்தப் பட்டத்தை அனுபவித்தவர் கோஜோங்கின் தகப்பன் ஹுங்சொன் ஒருவரே. ராணியின் தகப்பன் ‘புவொன்குன்’. நாடகங்களில் வில்லன் வேலை பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும்.

‘தேபி’ முந்திய அரசரின் விதவை ராணி. இவருக்கு மேல் ‘வாங்தேபி’, அதற்கும் மேல் ‘தேவாங்தேபி’. வரிசை வயதால் அமைவதில்லை, கணவர் எந்தத் தலைமுறை அரசர் என்பதால் அமைகிறது. 1863இல் கோஜோங் பட்டத்துக்கு வந்தபோது மூன்று படியிலும் ஆள் இருந்தார்கள். அவரைத் தேர்ந்து தத்தெடுத்தவர் தேவாங்தேபி ஜோ. பெற்ற தாய்க்கோ இந்த மூன்றில் ஒரு பட்டமும் கிடையாது. எனவே தேபி என்றதும் ‘ராஜமாதா’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பாதி நாடகங்களின் சண்டையே அவர் பெற்ற தாய் இல்லை என்பதில்தான் இருக்கிறது. சிறுவன் அரசனாகும்போது திரைக்குப் பின்னால் அமர்ந்து ஆட்சி நடத்துபவரும் இவர்களில் மூத்தவரே.

இளைய ராணிகளை ‘வைப்பாட்டி’ என்று சொல்வதும் பிழை. 1485இல் நடைமுறைக்கு வந்த சட்டநூலில் இவர்களுக்கு அதிகாரிகளைப் போலவே எட்டுப் படி உண்டு. உச்சியில் ‘பின்’, அடுத்து ‘குவியின்’, அடியில் ‘சுகுவொன்’. அதற்கும் கீழே ‘சங்குங்’, அரண்மனைப் பணிப்பெண்களின் தலைவி. இங்கே ஒரு பொறி: ‘சேஜாபின்’ என்பதிலும் பின் இருக்கிறது, ஆனால் அவர் பட்டத்து இளவரசரின் முறையான மனைவி, நாளைய ராணி.

கொப்பியில் எழுதும் விதம் இது. இரட்டைப் பக்கத்தைத் திருப்பி நடுவில் அரசர். மேலே தேபிகள், அவரவர் கணவர் பெயருடன். வலப்பக்கம் ஜுங்ஜொன், இடப்பக்கம் பின்களும் மற்றவர்களும். பிள்ளைகளை அரசருக்குக் கீழே எழுதாமல் தாய்க்குக் கீழே எழுதுங்கள், முக்கியமான விதி இதுதான். 2019இல் வந்த ‘கிங்டம்’ தொடரை இப்படி வரைந்தால் இரண்டே கோட்டில் சிக்கல் தெரியும்: சேஜா இடப்பக்கம், இளைய ராணி மகன், வலப்பக்கம் ஜுங்ஜொன் கர்ப்பமாக இருக்கிறார். அங்கே ஒரு ஆண்பிள்ளை பிறந்தால் சேஜாவின் கழுத்துக்கே ஆபத்து.

வாசித்துச் சொல்பவர் பட்டத்தைவிட உறவைச் சொல்வது நல்லது. சேஜாவுக்குப் ‘பட்டத்து இளவரசர்’, ஜுங்ஜொன்னுக்குப் ‘பட்டத்து ராணி’ என்ற நம் சொற்களே அச்சாகப் பொருந்தும். தேகுன் ‘பட்டத்து ராணி மகன்’, தேபி ‘முந்தின ராஜா சம்சாரம்’. அப்பாயிக்கு இது போதும்.

அரசர்களின் பெயரிலும் ஒரு விஷயம். செஜோங், யொங்ஜோ என்று ஜோங், ஜோவில் முடிபவை இறந்தபின் அரச முன்னோர் கோயிலில் வைக்கும் பெயர்கள். கண்டியில் கண்ணுசாமி 1798இல் முடிசூடியதும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனார். ஜோசொன்னில் அந்தப் பெயர் சாவுக்குப் பிறகே வரும். ஆகவே உயிரோடிருக்கும் அரசரை யாராவது ‘செஜோங்’ என்று அழைத்தால் அது எழுதியவர் பிழை. சொந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக்கூடாது, நம் பாட்டிமார் தாத்தா பெயரைச் சொல்லாததுபோல. 27 அரசர்களில் யொன்சான்குன், குவாங்ஹேகுன் இருவர் மட்டும் ‘குன்’ என்றே நிற்கிறார்கள். ஆட்சியிலிருந்து இறக்கப்பட்டதால் கோயில் பெயர் கிடைக்கவில்லை. யொன்சான்குன் ராணி மகன்தான், இந்த ‘குன்’ தண்டனை.

கொரிய வேலைக்காகப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: நாடகத்தில் பிடித்த ‘ஜொன்ஹா’வைத் தொழிற்சாலை முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் ‘சாஜாங்னிம்’.

பட்டம் மாறினால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள். சாங் ஹீபின் என்று நாடகங்களில் அடிக்கடி வருபவர் 1686இல் சுகுவொன், 1689இல் பின், 1690இல் பட்டத்து ராணி, 1694இல் மறுபடி பின், 1701இல் மரண தண்டனை. அவர் முடிந்த கையோடு, இனி இளைய ராணி எவரும் பட்டத்து ராணி ஆகக்கூடாது என்று அரசர் சுக்ஜோங் தடை போட்டார். அதனால் அதற்குப் பிந்திய காலத்து நாடகத்தில் ஒரு பின் “ஒருநாள் ஜுங்ஜொன் ஆவேன்” என்று சபதம் போட்டால், கொப்பியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அவர் மகன் மேல் கண் வையுங்கள்.