தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டில் பகிடிப் படம் பார்க்கும் முறை

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் போகும்போது ரீவியில் யார் பேசினாலும் வாய் மட்டும்தான் அசையும். பழைய பிரிட்டிஷ் பகிடிப் படங்கள் இந்த வீட்டுக்குப் பொருந்திப்போனது அதனால்தான். விழுகிறவன் எந்த மொழியில் விழுந்தால் என்ன? அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. முதலில் சிரிப்பது அவர்தான்.

தொடங்குவதற்கு 1967இல் வந்த ‘த பிளாங்க்’ நல்லது. எரிக் சைக்ஸ் எழுதி, இயக்கி, டொமி கூப்பரோடு சேர்ந்து நடித்தது. ஒரு மணித்தியாலம்கூட வராது. தரை போடும் இரண்டு பேருக்கு ஒரு பலகை குறைகிறது. போய் வாங்கி வருகிறார்கள். கதை அவ்வளவுதான். வசனம் பெரிதாக இல்லை, முனகலும் தடால் சத்தமும்தான். ஆகவே ரயில் வந்தாலும் படத்தை நிறுத்தாதீர்கள்.

ஆட்களின் முகத்தை விட்டுவிட்டுப் பலகையின் முனைகளைக் கவனியுங்கள். தூக்கிக்கொண்டு போகிறவன் திரும்பினால் பின்முனை எங்கே போகும், அங்கே யார் நிற்கிறார்? அடிபடப்போகிறவருக்கு முன்பே நாம் அதைக் கண்டுவிட வேண்டும். அடி விழும்போது வருவது பாதிச் சிரிப்பு. “ஐயோ, இந்தா படப்போகுது” என்று காத்திருக்கிற அந்த இரண்டு விநாடியில்தான் மற்றப் பாதி. ஏற்கெனவே பார்த்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம். என் தம்பி “இப்ப பாருங்கோ, இப்ப பாருங்கோ” என்று கெடுத்துவிடுவான். அவன் கையில் கடலைச் சரையைக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த ஞாயிறு பிரிட்டிஷ் பகிடி நடிகர் நோர்மன் விஸ்டம். அளவு காணாத கோட்டு, கோணல் தொப்பி. கம்யூனிச அல்பேனியாவில் ஓட விட்ட மிகச் சில மேற்கத்தியப் படங்களில் இவருடையவையும் உண்டு. அங்கே அவர் பெரிய நட்சத்திரமாக இருந்தார். 1965இல் வந்த ‘தி ஏர்லி பேர்ட்’டில் பால்காரனாக வருவார். விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் எழும்பித் தேநீர் போடுகிற தொடக்கம் பேச்சில்லாமல் நீளும். நம் பிளேன்ரீயை அதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள். குசினியில் நின்றால் போச்சு.

1958இல் தொடங்கிய ‘கேரி ஒன்’ பகிடிப் பட வரிசையை அம்மம்மா இல்லாத நாளுக்கு வையுங்கள். அதில் பாதிப் பகிடி வார்த்தையில்தான். அப்புறம், “என்ன சொன்னவன்?” என்று அவர் கேட்டால் யார் மொழிபெயர்ப்பது?

விஸ்டம் தன் முதலாளியை “மிஸ்டர் கிரிம்ஸ்டேல்!” என்று கத்திக் கூப்பிடுவார். போன கிழமை ஃபேன் நின்றதும் அம்மம்மா மாமாவை அப்படித்தான் கூப்பிட்டார்.