புது லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? கெர்னலைப் பாருங்கள்

புது லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் வைஃபையோ டச்பேடோ வேலை செய்யவில்லை என்றால், உடனே டிரைவரைத் தேடி அலையாதீர்கள். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடுதான் வருகின்றன. கெர்னல் பழசு என்றால் புது சிப்பை அதற்கு அடையாளம் தெரியாது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 24.04 பதிப்பு முதலில் வந்தது 6.8 கெர்னலுடன். இன்னும் அதிலேயே இருப்பவர்கள் ‘லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04’ (linux-generic-hwe-24.04) பேக்கேஜை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் புதிய கெர்னல் வந்துவிடும். சரி, வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள், போதும். கையோடு, சிப்புகளுக்குள் ஓடும் மென்பொருளைக் கொண்ட ‘லினக்ஸ்-ஃபெர்ம்வேர்’ (linux-firmware) பேக்கேஜையும் புதுப்பியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கையொப்பமிடாத கெர்னலை எங்கிருந்தோ எடுத்துப் போட்டால், லேப்டாப் தொடங்கும்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் மறிக்கும். அந்த வழி எனக்குப் பிடிப்பதில்லை. புதிய கெர்னல் தகராறு செய்தால், லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னல் அப்படியே இருக்கும்.