மோட்டார் போலீஸ் மாதிரி வண்டியை மெதுவாக ஓட்டிப் பழகுவது எப்படி?

மோட்டார் போலீஸ் எனப்படும் அமெரிக்க பைக் போலீஸ்காரர்களின் வீடியோ ஒன்றாவது உங்கள் போனுக்கு வந்திருக்கும். ஏறக்குறைய 380 கிலோ எடையுள்ள ஹார்லி எலக்ட்ரா கிளைடு, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடி. அந்த வண்டியை ஒருத்தர் ஆரஞ்சு நிறக் கோன்களுக்கு நடுவே கால் ஊன்றாமல் சுற்றிச் சுற்றி வருவார், ஃபுட்போர்டு தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பார்க்க என்னவோ சாகசம் மாதிரி இருந்தாலும் ஸ்பீடோமீட்டர் முள் பெரும்பாலும் 15-ஐத் தாண்டியிருக்காது.

அவர்களுடைய வேலையே அப்படித்தான். ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டும், நின்றுபோன டிராஃபிக்கில் கார்களுக்கு நடுவே நுழைய வேண்டும், எதிர்ப்பக்கம் ஒருத்தன் தாறுமாறாகப் பறந்தால் அதே ரோட்டில் ஒரே வீச்சில் திரும்பி அவன் பின்னால் போக வேண்டும். மோட்டார் பிரிவில் சேருகிறவர்களுக்கு அங்கே பொதுவாக இரண்டு வாரம், 80 மணி நேரப் பயிற்சி, அதில் பெரும்பகுதி முதல் கியரிலேயே கழியும். வருஷக்கணக்கில் சொந்த பைக் ஓட்டியவர்களே அதில் தேறாமல் போவதுண்டு, ஏனென்றால் நாம் எல்லோரும் வேகமாகப் போகத்தான் பழகியிருக்கிறோம். வேகத்தில் வண்டி ஓரளவு தானாகவே நேராக நிற்கும். பத்து கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்தி வைப்பது முழுக்க உங்கள் வேலை.

நாம் இதைக் கடைசியாகச் செய்தது லைசென்சுக்கு எட்டு போட்டபோது. அதையும் பலர் டிரைவிங் ஸ்கூலின் லேசான வண்டியில் போட்டுவிட்டு வந்து, வீட்டில் 195 கிலோ ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ வாங்கி நிறுத்தியிருப்பார்கள். பார்க்கிங்கில், பெட்ரோல் பங்கில், சந்து முனையில் அந்த வண்டி சாய்வது ஓட்டுகிறவருக்குப் பலம் இல்லாததால் இல்லை, கிளட்சும் பின் பிரேக்கும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யாததால்தான். அதைப் பழக்கிக்கொள்ளலாம், பெரிய செலவும் இல்லை.

இடம் முதலில். மண், ஜல்லி இல்லாத சிமெண்ட் அல்லது தார்த் தரை வேண்டும். பள்ளிக்கூட மைதானம் வேண்டாம், மண்ணில் முன் சக்கரம் வழுக்கும். கல்யாண மண்டபத்து பார்க்கிங் நல்ல இடம், அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், முகூர்த்த நாளாகப் பார்த்துப் போய் நிற்காதீர்கள். கோனுக்குப் பதில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் போதும். செங்கல் வைக்கவே கூடாது, சக்கரம் ஏறினால் நீங்கள் கீழே. எலுமிச்சம்பழம் வைத்தாலும் தப்பில்லை, புது வண்டிக்கு எப்படியும் ஏற்றத்தானே போகிறோம்.

கிளட்சிலிருந்து தொடங்குவோம். வண்டியை முதல் கியரில் போட்டு, நாலு விரலாலும் கிளட்ச் லீவரைப் பிடித்து, ஆக்சிலேட்டரை ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து அதை அப்படியே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இனி வலது மணிக்கட்டுக்கு வேலை இல்லை. இப்போது லீவரை மெல்ல விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், முன்பக்கம் ஒரு நூல் எழும், வண்டி நகரப் பார்க்கும். அதற்கும் முழுசாக விட்ட நிலைக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில மில்லிமீட்டர்தான் நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது. மோட்டார் போலீஸ் நாள் முழுக்க அதற்குள்தான் இருக்கிறார். விரல்களை ஒரு நூல் விட்டால் வண்டி போகும், ஒரு நூல் இழுத்தால் தயங்கும். வேகத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் இடது கையில். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டால் வண்டி வெட்டி வெட்டிப் போகும், திருப்பத்தின் நடுவில் அப்படி ஒரு வெட்டு போதும் விழுவதற்கு.

கிளட்ச் தேய்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். நம்மூர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தே ஓடும், அதனால் கொஞ்ச நேரம் தாங்கும். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டிகளில் உலர்ந்த கிளட்ச், அதை இப்படிப் போட்டு வாட்டினால் கருகிப் போகும். உங்கள் வண்டியிலும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இன்ஜினை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள், ஏர் கூல்டு இன்ஜின் நின்ற இடத்திலேயே சுற்றினால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் பின் பிரேக். ஹாஃப் கிளட்சில் போகும்போதே பெடலை லேசாக அழுத்தி வையுங்கள், நிறுத்துகிற அளவுக்கு வேண்டாம். இன்ஜின் முன்னால் தள்ளுகிறது, பிரேக் பின்னால் இழுக்கிறது, நடுவில் செயின் தளர்வே இல்லாமல் விறைப்பாக நிற்கிறது. வண்டி ஆடாமல் போவதை இடுப்பிலேயே உணர்வீர்கள். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முன் பிரேக்கில் மட்டும் விரலை வைக்காதீர்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கி, மொத்த எடையும் திரும்பிய பக்கமே சாய்ந்து, வண்டி படுத்துவிடும். 'முன் பிரேக் பிடிச்சா விழுந்துடுவே' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான் சரி. நேர் ரோட்டில் அது தப்பான அறிவுரை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிளட்ச் லீவர் இல்லை, அதனால் ஆக்சிலேட்டரை மிக லேசாகத் திறந்து அப்படியே பிடித்து, இடது கை பிரேக்கால் அடக்க வேண்டும். இப்போதைய ஸ்கூட்டர்களில் கோம்பி பிரேக் இருப்பதால் இடது லீவரே முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கும். அழுத்தம் பூப்போல இருக்கட்டும்.

மூன்றாவதாக, பார்வை. கோனைப் பார்த்தால் கோன் மேலேதான் ஏற்றுவீர்கள். திரும்பும்போது கண்ணை மட்டும் ஓரமாகத் தள்ளிப் பார்ப்பது போதாது, தாடை தோளுக்கு நேரே வருகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தோன்றும். குனிந்தால் விழுவீர்கள்.

பயிற்சிக்கு முதலில் நேர்க்கோடு. ஜப்பானில் பைக் லைசென்ஸ் தேர்விலேயே இது இருக்கிறது: 30 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளமுள்ள மேடை மேல் பெரிய பைக்கை 10 வினாடிக்குக் குறையாமல் ஓட்டிக் கடக்க வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 5.4 கிலோமீட்டர், கொஞ்சம் வேகமான நடை. 'ஷிரோபாய்' எனப்படும் அந்த நாட்டு வெள்ளை பைக் போலீசுக்கு ஹிட்டாச்சினாக்கா நகரில் தேசிய அளவில் போட்டியே நடக்கிறது, அதிலும் இந்த மாதிரி பேலன்ஸ் ஓட்டம் ஒரு பகுதி. நமக்கு மேடை வேண்டாம், கோலமாவால் இரண்டு கோடு இழுத்தால் போதும். 10 வினாடி வந்ததும் 15-க்குப் பாருங்கள். நண்பர்கள் கூட வந்தால் யார் கடைசியில் வருகிறார் என்று பந்தயம் வையுங்கள், இந்தப் பந்தயத்தில் மட்டும் முந்துகிறவர் தோற்றவர்.

அடுத்தது வட்டம், அதிலிருந்து யூ டர்ன். முதலில் 30 அடி அகலத்தில் சுற்றுங்கள், பிறகு 24 அடிக்கு வாருங்கள். 24 அடி என்பது நம்மூர் இருவழிச் சாலையின் 7 மீட்டரைவிடச் சற்றே கூடுதல், ஆகவே இதில் தேறினால் ரோட்டோரத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பெரும்பாலான ரோட்டில் பின்னால் உருட்டாமல் திரும்பிவிடலாம். இவ்வளவு மெதுவாகத் திரும்பும்போது ரேஸில் செய்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: வண்டியை உள்ளே சாய்த்துவிட்டு நீங்கள் நிமிர்ந்து உட்காருங்கள், வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டில் எடையைப் போடுங்கள். வண்டி சாயச் சாய வட்டம் சிறுக்கும். விழப் போவது மாதிரி தோன்றுகிற கணத்தில் கை தானாகக் கிளட்சை முழுசாகப் பிடிக்கப் பார்க்கும். அதுதான் வண்டியைக் கீழே போடுகிறது, ஏனென்றால் தள்ளிக்கொண்டிருந்த விசை போய்விட்டது. அந்த நேரத்தில் கிளட்சை ஒரு நூல் விடுங்கள், வண்டி தானாக நிமிரும்.

இங்கே அமெரிக்க வீடியோக்களை அப்படியே பின்பற்ற முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் ரோட்டில் யூ டர்ன் இடப்பக்கமாக வரும், பிரேக் பெடல் இருக்கிற வலது கால் வெளிப்பக்கம் பத்திரமாக இருக்கும். நமக்கு யூ டர்ன் வலப்பக்கம். உள்பக்கக் கால்தான் பிரேக் கால். பயந்து காலை ஊன்றப் போனால் அதே நொடியில் பின் பிரேக்கும் போய்விடும், கை முன் பிரேக்கைத் தேடும், கதை முடிந்தது. போதாததற்கு ஹேண்டிலை வலப்பக்கம் முழுசாக ஒடித்தால் இடது கை எட்டாத தூரத்துக்கு நீண்டு கிளட்ச் விரலுக்கு அகப்படாது. இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இடது தோளை ஹேண்டிலோடு கூடவே கொண்டுபோங்கள். வலப்பக்க வட்டத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள், இடப்பக்கம் சீக்கிரமே வந்துவிடும். இரண்டும் வந்தபிறகு எட்டைப் போடுங்கள். இந்தத் தடவை எட்டு சின்னதாக இருக்கும், காலும் கீழே வராது.

கோன்களை வரிசையாக 12 அடிக்கு ஒன்று வைத்து வளைந்து போவது, நின்ற இடத்திலிருந்தே ஹேண்டிலை முழுசாக ஒடித்துக் கிளம்புவது, இதெல்லாம் மேற்சொன்னவற்றின் கலவைதான், விளக்கத் தேவையில்லை. வண்டியைத் தூக்குவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், விழாமல் இதைப் பழக முடியாது, அமெரிக்க போலீஸ் பயிற்சியிலும் விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கத் தெரிந்தால்தான் மேற்கொண்டு விடுவார்கள். முதலில் இன்ஜினை அணையுங்கள், கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் இப்போதே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் வண்டி மறுபக்கம் படுக்கும். ஹேண்டிலைத் தரைப்பக்கமாக முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, பின்புறத்தை சீட் ஓரத்தில் அணையுங்கள். ஒரு கை கீழே இருக்கிற ஹேண்டில் கிரிப்பில், இன்னொரு கை பின்னால் கிராப் ரெயிலில். முதுகை வளைக்காமல் காலால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழுந்துவிடும். எதிரே நின்று குனிந்து தூக்குகிறவர்களுக்கு எழுவது வண்டி இல்லை, முதுகுவலி.

வண்டியும் தாங்க வேண்டும். போலீஸ் ஹார்லியில் முன்னாலும் பின்னால் பெட்டிகளைச் சுற்றியும் வளைகம்பி இருப்பது அழகுக்காக இல்லை, சாய்ந்தால் அதன் மேல் படுத்து, கால் நசுங்காமல் காப்பாற்றும். உங்கள் வண்டிக்கு நல்ல க்ராஷ் கார்டு போடாமல் இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். மற்றபடி அளவு சோதித்த ஸ்பீடோமீட்டர், சைரனுக்கும் வயர்லெசுக்கும் வேண்டிய கூடுதல் மின்சாரம், ஒற்றை சீட் எல்லாம் அவர்கள் வேலைக்கானவை, நமக்கு வேண்டாம்.

உடுப்பில் அவர்களை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். முழங்கால் வரை வரும் தோல் பூட்ஸ் நியாயமானது, தாடைக்குத் திறந்த ஹெல்மெட்டும் வெயில் காலத்து அரைக்கைச் சட்டையும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், விரல் மூடிய கையுறை, கணுக்கால் மூடும் ஷூ, முழங்கால் கார்டு. மெதுவாக விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கையும் முழங்காலும்தான். செருப்போடு வந்தால் நான் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

இத்தனையும் வந்தபிறகு ஒரே ஒரு வேகப் பயிற்சி: பிரேக் பிடித்து விலகுவது. ஆளில்லாத நேர்ப்பாதையில் 30-ல் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கி நிறுத்துங்கள். நேராகப் போகும்போது பெரும்பாலான வேலையை முன் பிரேக்தான் செய்கிறது, அதைத் தொடாமல் ஓட்டுகிறவர்கள் பாதி பிரேக்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. 30-ல் நன்றாகப் பிடித்தால் 5 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு 60-ல் 20 மீட்டர் வேண்டும், அதுவும் நீங்கள் யோசிக்கிற ஒரு வினாடியில் போகிற ஏறக்குறைய 17 மீட்டரைக் கணக்கில் சேர்க்காமல். நிற்க இடமில்லை என்றால் விலக வேண்டும், மோட்டார் போலீஸ் பயிற்சியில் இதை விடாமல் செய்ய வைப்பார்கள்: முதலில் பிரேக், பிறகு பிரேக்கை முழுசாக விட்டுவிட்டு விலகல். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் டயருக்கு இருக்கிற பிடிமானம் இரண்டுக்கும் போதாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருந்தாலும் இதே முறைதான். ஒரு நண்பரை எதிரே தூரத்தில், உங்கள் பாதைக்கு வெளியே நிறுத்தி, கடைசி நேரத்தில் அவர் கை காட்டுகிற பக்கம் விலகிப் பழகுங்கள். முதலில் 30, பிறகு 40, அதற்கு மேல் இந்த இடத்தில் வேண்டாம்.

வீடு திரும்புவதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். இவ்வளவு நேரம் ஹாஃப் கிளட்சில் ஓட்டியதில் லீவரில் இருந்த தளர்வு (ஃப்ரீ ப்ளே) மாறியிருக்கும், அட்ஜஸ்டரில் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.