பழுதான சார்ஜரைப் பாவித்த பின் மடிக்கணினிப் பற்றரியைச் சோதித்தல்

புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய சார்ஜர் ஒன்று சூடேறி, விட்டுவிட்டு மின்னேற்றத் தொடங்கிய பிறகு எனது மடிக்கணினி ஒரு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. புதிய பற்றரிக்குப் பணத்தைக் கொட்டுமுன் நான் செய்து பார்த்த சோதனைகள் இவை.

முதலில் கணினியை அணைத்து, சமதளமான மேசையில் வையுங்கள். அது ஆடினாலோ, தொடுபலகை மேலெழுந்திருந்தாலோ பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அவ்வாறெனில் மேற்கொண்டு மின்னேற்றாமல், அழுத்தாமல் திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்தது அறிக்கை. விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் (கொமாண்ட் ப்ரொம்ப்ட்), ஆங்கில எழுத்தில், ‘பவர்’ என்பதோடு சி, எஃப், ஜி ஆகிய எழுத்துகளை ஒட்டித் தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடும் ‘பற்றரிரிப்போர்ட்’ என்ற ஒரே சொல்லும் இடுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்பதைத் திரையே காட்டும். அதில் ‘டிசைன் கப்பாசிட்டி’ (புதிதில் இருந்த கொள்ளளவு) 42,000 மில்லிவாற்று மணியாகவும் ‘ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி’ (இப்போது நிரம்பும் அளவு) 33,600 ஆகவும் இருந்தால் எஞ்சியிருப்பது 80 சதவீதம். இதற்கென இலவசச் செயலிகளைத் தரவிறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றில் பெரும்பாலானவை இதே எண்களையே வண்ணம் பூசிக் காட்டுகின்றன.

ஆனால் ‘ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி’ எண் ஒரு மதிப்பீடு மாத்திரமே. பற்றரிக்குள் இருக்கும் சிப் ஒன்று அதைக் கணிக்கிறது. சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்தால் நிரம்பித் தீரும் முழுச் சுற்று நிறைவேறாமல் அந்தக் கணிப்புப் பிசகக்கூடும். ஆகவே அறிக்கையின் ‘கப்பாசிட்டி ஹிஸ்டரி’ பகுதியைப் பாருங்கள்: மாதக்கணக்கில் மெல்லக் குறைந்திருந்தால் அது முதுமை, திடீரெனச் சரிந்திருந்தால், நம்பகமான சார்ஜரால் முழுதாக மின்னேற்றி, தானாக அணையும்வரை பாவித்து, மீண்டும் இடைநிறுத்தாமல் நிரப்பிவிட்டுப் புதிய அறிக்கை எடுங்கள். (மின்வெட்டு வந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான்.) எண் ஏறினால் பற்றரி தப்பியது.

என்னை அதிகம் அலைக்கழித்தது சார்ஜரை அளக்கும் படிதான். மல்ரிமீற்றர் என்னும் மின்னளவுக் கருவியை நேரோட்ட (டிசி) 200 வோல்ற் நிலையில் வைத்து, டெல் போன்றவற்றின் உருளை முனையில் கருவியின் சிவப்புக் கம்பியை உட்சுவரிலும் கறுப்பை வெளிச்சுவரிலும் தொடுங்கள், ஏறத்தாழ 19.5 வோல்ற் வர வேண்டும். நடுவிலுள்ள மெல்லிய ஊசி மின்சாரம் தருவதற்கானதன்று. சார்ஜர் இன்னதென்று கணினிக்கு அறிவிப்பதற்கானது. அதன் கம்பி அறுந்தால், வோல்ற்றளவு சரியாக இருந்தும் கணினி பற்றரியை மின்னேற்ற மறுத்து, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பற்றரி செத்துவிட்டது என்று கடையில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுவே. கணினியை இயக்கும்போது, சார்ஜரின் வகையை அறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

பிற்சேர்க்கை: யூஎஸ்பி சி சார்ஜருக்கு இந்த அளவீடு பொருந்தாது என்பதை நண்பர் ஒருவர் நினைவூட்டினார். கணினியுடன் பேசி ஒப்புக்கொண்ட பின்னரே அது உயர் வோல்ற்றைத் தரும் என்பதால், அதே வாற்று அளவுள்ள, நன்றாக வேலை செய்யும் இன்னொரு சார்ஜரை இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.